102 பெட்டிகளில் தப்பிய சீனத்தின் அரிய நூல்கள்

1932 ஜனவரி 29 ஆம் திகதி ஷங்காய் நகரிலிருந்த கொமர்ஷியல் பிரஸ் பதிப்பகத்தின் மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பெப்ரவரி 1 இல் அப்பதிப்பகத்துக்குச் சொந்தமான கீழைத்தேய நூலகமும் எரிந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. முன்கூட்டியே வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றப்பட்டிருந்த அரிய நூல்கள் எஞ்சின.

நூல்களைக் காக்க வேண்டுமானால் யுத்தம் வாசலுக்கு வருமுன்னரே அவற்றை நகர்த்த வேண்டும். பீப்பிங் (இன்றைய பெய்ஜிங்) தேசிய நூலகத்தின் பொறுப்பாளர் யுவான் துங்லி அதையே செய்தார். சொங், யுவான், மிங் அரச காலங்களைச் சேர்ந்த அச்சுப் பிரதிகளும் கையெழுத்துச் சுவடிகளும் 1930களின் நடுப்பகுதியில் ஷங்காய்க்கு அனுப்பப்பட்டன. அங்கு அந்நிய நாடுகளின் ஆளுகைப் பகுதிகள் ஓரளவு பாதுகாப்பாக இருந்தன.

1937 இல் ஷங்காயைச் சுற்றியிருந்த பகுதிகள் யப்பானியர் வசமாயின. துறைமுகச் சுங்கமும் அவர்களின் கண்காணிப்புக்குள் வந்தது. நூல்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஒப்படைக்க, வோஷிங்டனில் சீனத் தூதுவராக இருந்த அறிஞர் ஹு ஷி வழியமைத்தார். தெரிவு செய்யப்பட்டவை 102 பெட்டிகளில் அடைக்கப்பட்டன.

அவற்றை வெளியே அனுப்பும் பொறுப்பு சியென் சுன்ஷுன் என்ற இளம் நூலகருக்கு வந்தது. அமெரிக்க நூலகம் விலைக்கு வாங்கிய புதிய நூல்கள் என்று ஆவணங்களில் குறிப்பிட்டார். அறிமுகமான சுங்க அதிகாரி ஒருவர் பெட்டிகளைத் திறந்து பார்க்காமல் விட்டார். சிறுசிறு தொகுதிகளாக மாதக்கணக்கில் அவை கப்பலேறின. இறுதித் தொகுதி 1941 டிசம்பர் தொடக்கத்தில் புறப்பட்டது. சில நாட்களிலேயே பேர்ள் ஹார்பர் தாக்கப்பட்டது. அது யப்பானியர் கையில் சிக்கியிருக்கும் என்றே சியென் அஞ்சினார். ஆனால் 102 பெட்டிகளும் கரை சேர்ந்திருந்தன.

எல்லா முயற்சிகளும் இவ்வாறு தப்பவில்லை. எழுத்தாளர் செங் சென்துவோவும் நண்பர்களும், யுத்தத்தால் வறுமையுற்ற குடும்பங்கள் விற்ற அரிய நூல்களைத் தேசிய மத்திய நூலகத்துக்காக இரகசியமாக வாங்கினர். ஹொங்கொங்குக்கு அனுப்பப்பட்ட பெருந்தொகை நூல்களை யப்பானியர் கைப்பற்றி டோக்கியோவுக்குக் கொண்டுசென்றனர். யுத்தம் முடிந்த பின்னரே அவை மீட்கப்பட்டன.

அமெரிக்காவில் 2,700க்கும் மேற்பட்ட நூல்கள் நுண்படச் சுருள்களாக்கப்பட்டன. ஒரு பிரதி அழிந்தாலும் உள்ளடக்கம் பிழைக்கும் என்ற நிலை உருவானது. பெட்டிகளைத் திருப்பி எடுத்துவரும் பொறுப்பு 1947 இல் சியெனுக்கு அளிக்கப்பட்டது. ஆனால் உள்நாட்டு யுத்தம் வழியை மூடியது. அவர் சிக்காகோவில் தங்கி, புகழ்பெற்ற நூலியல் அறிஞரானார்.

நூல்கள் 1965 இல் தாய்வானுக்கு அனுப்பப்பட்டன. இன்றும் தாய்பேயில் உள்ளன. பெய்ஜிங் திரும்பவில்லை. அவற்றை அனுப்பிய சியென் 2015 இல், 105 ஆவது வயதில் காலமானார். குண்டுகளிலிருந்து நூல்களைக் காப்பாற்ற ஒரு சிலரின் துணிவு போதுமாக இருந்தது. அவற்றை வீடு சேர்க்க, அரசுகளின் இணக்கமும் தேவைப்பட்டது. அது இன்னும் கிட்டவில்லை.