படுக்கையறையில் ஓர் இசைத்தட்டு

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூ ஜெர்சி மாநிலம் கோல்ட்ஸ் நெக்கில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில் சில புதிய பாடல்களைப் பதிவு செய்தார். குழுவினருக்குப் போட்டுக்காட்ட ஒரு மாதிரி வேண்டும், அவ்வளவே. கருவிகளும் எளியவை: 1979இல் டியாக் நிறுவனம் வெளியிட்ட, நான்கு தடங்கள் கொண்ட போர்ட்டாஸ்டூடியோ 144 என்னும் கேசட் பதிவுக்கருவி; ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கிகள் இரண்டு. குரலும் கிதாரும் இரு தடங்களில் ஏறின. ஹார்மோனிகா போன்றவற்றுக்கு மீதி இரண்டு.

எஸ்எம்57, 1965 முதல் விற்கப்படும் டைனமிக் வகை ஒலிவாங்கி. அதற்குத் தனியே மின்சாரம் ஊட்ட வேண்டியதில்லை. அருகில் வைத்துப் பாடினால், அறையின் எதிரொலியையும் தெருச் சத்தத்தையும் அது அதிகம் வாரிக்கொள்வதில்லை. புதிதாகத் தொடங்குவோர் பலர் கண்டென்சர் ஒலிவாங்கியின் நுண்மையில் மயங்குகிறார்கள். வெறும் சுவர்களுள்ள அறையில் அந்த நுண்மையே பகையாகிவிடுகிறது. போர்ட்டாஸ்டூடியோவின் இடத்தில் இன்று கணினியும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருக்கின்றன. தனியாகக் கிதார் மீட்டிப் பாடுபவருக்கு இரண்டு உள்ளீடுகள் போதும் என்பேன்.

அப்பாடல்களைப் பின்னர் ஸ்டூடியோவில் குழுவோடு பதிந்து பார்த்தார்கள், ஸ்பிரிங்ஸ்டீனுக்கு நிறைவில்லை. உறைகூட இல்லாமல் அவர் பையில் போட்டுத் திரிந்த கேசட்டே 1982 செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' என வெளிவந்தது. இரைச்சல் மிகுந்த அதனை இசைத்தட்டாக்கப் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.