டிஜிட்டல் பல் சீரமைப்புத் திட்டமிடல்

டிஜிட்டல் பல் சீரமைப்புத் திட்டமிடல் என்பது, வரிசை தவறிய பற்களையும் பொருந்தாத கடியையும் திருத்தும் சிகிச்சையை, நோயாளியின் வாயில் தொடங்குவதற்கு முன்பே கணினியில் செய்து பார்க்கும் முறை. வாய்க்குள் எடுத்த ஸ்கேன், தாடையின் எக்ஸ்ரே படங்கள், முகத்தின் ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, எந்தப் பல் எங்கிருந்து எங்கே, எந்த வரிசையில், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று மருத்துவர் இதில் முடிவு செய்கிறார். தெற்றுப்பல், எத்துப்பல், பல் இடைவெளி போன்ற பரவலான குறைகள் முதல் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் குறைகள் வரை இம்முறை பயன்படுகிறது. கம்பி கட்டும் சிகிச்சைக்கும், கழற்றி மாட்டும் ஒளிபுகும் அலைனர்களுக்கும் இது பொதுவானது.

கணினிக்கு முந்திய திட்டமிடல்

பல்லை நகர்த்துவதற்கு முன் திட்டமிட வேண்டும் என்ற எண்ணம் கணினியோடு வந்ததல்ல. அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள், மேல், கீழ் முதல் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை வைத்துக் கடிக் குறைகளை மூன்று வகுப்புகளாக 1899இல் பிரித்தார். அந்த வகைப்பாடு இன்றும் வழக்கில் இருக்கிறது. 1931இல் அமெரிக்காவில் ஹாலி பிராட்பெண்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும், தலையை ஒரே நிலையில் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். குறை பல்லில் இருக்கிறதா, பல்லைத் தாங்கும் தாடை எலும்பில் இருக்கிறதா என்று பிரித்தறிய அது வழி செய்தது.

சிகிச்சையை முன்கூட்டியே செய்து பார்க்கும் உத்திக்கும் பழைய வரலாறு உண்டு. 1945இல் அமெரிக்க மருத்துவர் எச். டி. கெஸ்லிங் பிளாஸ்டர் மாதிரியிலிருந்து பற்களைத் தனித்தனியே அறுத்தெடுத்து, மெழுகில் சரியான இடத்தில் பதித்து, அந்த மாதிரிமேல் ரப்பர் கருவி ஒன்றைச் செய்தார். சிறுசிறு மாற்றங்களோடு இத்தகைய கருவிகளை அடுத்தடுத்து அணிவித்தால் பெரிய நகர்வுகளும் கைகூடும் என்றும் அவர் கருதினார். ஆனால் ஒவ்வொரு படிநிலைக்கும் புதிதாக மெழுகு வேலை செய்யவேண்டி இருந்ததால் அது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. கணினி அந்த வேலைச் சுமையைத்தான் நீக்கியது. அறுத்த பல்லை மீண்டும் ஒட்டவும், இன்னொரு விதத்தில் வைத்துப் பார்க்கவும், பத்தாவது முறையும் முதலிலிருந்து தொடங்கவும் திரையில் முடிகிறது.

வாய் ஸ்கேன்

முன்பு ஆல்ஜினேட் மாவைத் தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்தி அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி செய்வார்கள். தட்டு அண்ணத்தைத் தொட்டதும் பலருக்குக் குமட்டும். ஆல்ஜினேட்டை உடனே வார்க்காவிட்டால் ஈரம் இழந்து சுருங்கிவிடும். மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் உடையாமல் பாதுகாக்க அலமாரிகளும் வேண்டும்.

வாய் ஸ்கேனர் இந்த இடத்தைப் பிடித்தது. கையில் பிடிக்கும் கருவியின் முனையிலிருந்து வரும் ஒளி பற்களில் பட்டுத் திரும்புகிறது. அதைக் கொண்டு மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒட்டி, நுண்ணிய முக்கோணங்களால் ஆன முப்பரிமாண வலையாகப் பல்வரிசையை அமைக்கிறது. வாய்க்குள் ஸ்கேன் செய்து கணினியில் வடிவமைக்கும் முறையை 1985இல் சூரிச்சில் வெர்னர் மோர்மன் முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தினார். அது ஒரு பல்லின் குழியை அடைப்பதற்காக உருவானது. முழுப் பல்வரிசையையும் பதிவு செய்யும் ஸ்கேனர்கள் பிற்பாடு வந்தன. ஸ்கேனைச் சேமிக்கப் பெரிதும் பயன்படும் எஸ்.டி.எல். கோப்பு வடிவம், 1980களில் சக் ஹல் உருவாக்கிய முப்பரிமாண அச்சு முறைக்காகப் பிறந்தது.

ஸ்கேனுக்கும் பிழை உண்டு. படங்களை ஒட்டும்போது நேரும் சிறு விலகல்கள், ஒரு பக்கக் கடைவாய்ப்பல்லிலிருந்து மறுபக்கக் கடைவாய்ப்பல்லுக்குப் போவதற்குள் கூடிவிடக்கூடும். எச்சில், இரத்தக் கசிவு, நாக்கின் அசைவு ஆகியவையும் படத்தைக் கெடுக்கும். பற்களை நன்கு உலர்த்தி, குறித்த பாதையில் ஸ்கேனரை நகர்த்துவது அதனால்தான் முக்கியம்.

வேரும் எலும்பும்

ஸ்கேனில் தெரிவது ஈறுக்கு வெளியே இருக்கும் பல் மட்டும்தான். எலும்புக்குள் இருக்கும் வேரைக் காண எக்ஸ்ரே வேண்டும். தாடை முழுவதையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் ஓபிஜி படமும், பக்கவாட்டுத் தலைப்படமும் பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதும். சிக்கலான நிலைகளில் கூம்புக்கற்றை சிடி எனப்படும் சிபிசிடி உதவுகிறது. கூம்பு வடிவக் கதிர்க்கற்றை தலையைச் சுற்றிவந்து எடுக்கும் படங்களைச் சேர்த்து இது முப்பரிமாண உருவத்தைத் தருகிறது. பல் மருத்துவத்திற்கான இத்தகைய கருவிகள் 1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவாயின.

இதன் பயனை மேல் கோரைப்பல்லில் தெளிவாகக் காணலாம். நூறு பேரில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்தப் பல் வெளிவராமல் எலும்புக்குள் தங்கிவிடுகிறது. அண்ணப் பக்கம் கிடக்கிறதா உதட்டுப் பக்கம் கிடக்கிறதா என்பது தட்டையான எக்ஸ்ரேயில் எளிதில் புலப்படாது. பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அது அரித்துக்கொண்டிருந்தாலும் தெரியாமல் போகலாம். சிபிசிடி இரண்டையும் காட்டுகிறது. எந்தப் பக்கம் ஈறைத் திறப்பது, எந்தத் திசையில் இழுத்தால் பக்கத்து வேரில் இடிக்காது என்று முன்பே தீர்மானிக்க முடிகிறது.

ஆனாலும் எல்லோருக்கும் சிபிசிடி எடுப்பது சரியல்ல. படம்பிடிக்கும் பரப்பு கூடக்கூட அதன் கதிரளவு ஓபிஜி படத்தைப் போலப் பல மடங்காகலாம். இந்தச் சிகிச்சைக்கு வருவோரில் பலர் வளரும் பிள்ளைகள். கதிர்வீச்சின் தாக்கம் அவர்களுக்கே அதிகம். தேவையான தகவலைத் தரும் மிகக் குறைந்த கதிரளவையே பயன்படுத்த வேண்டும் என்பது இத்துறையின் நெறி.

அளவீடுகள்

பழைய அளவீடுகளையே கணினி விரைவாகச் செய்கிறது. செசில் ஸ்டைனர் 1953இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மண்டையோட்டின் அடிப்பகுதியை ஒப்பிட்டு மேல்தாடையின் கோணம் 82 பாகை, கீழ்த்தாடையின் கோணம் 80 பாகை, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 2 பாகை என்று இயல்பு மதிப்புகள் தரப்பட்டன. வேறுபாடு பெரிதும் கூடினால் மேல்தாடை முன்தள்ளியிருக்கலாம், அல்லது கீழ்த்தாடை பின்தங்கியிருக்கலாம். மக்களுக்கு மக்கள் முக அமைப்பு மாறுவதால், ஓரிடத்து மதிப்புகளை எல்லோருக்கும் அப்படியே பொருத்தக்கூடாது.

வெய்ன் போல்டன் 1958இல் கீழ், மேல் பற்களின் அகலங்களை ஒப்பிட்டார். கீழ்ப் பன்னிரண்டு பற்களின் மொத்த அகலம் மேல்பற்களின் அகலத்தில் சராசரியாக 91.3 விழுக்காடு, ஆறு முன்பற்களை மட்டும் கொண்டால் 77.2 விழுக்காடு என்று கணக்கிட்டார். இந்த விகிதம் பிசகினால், எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் எங்காவது இடைவெளி விழும், அல்லது கடி பொருந்தாது. முன்பு பிளாஸ்டர் மாதிரியில் பல் பல்லாக அளந்ததை, இப்போது மென்பொருள் சில நொடிகளில் தருகிறது.

திரையில் பல்வரிசை அமைத்தல்

அடுத்து மென்பொருள் ஒவ்வொரு பல்லையும் ஈறிலிருந்தும் பக்கத்துப் பல்லிலிருந்தும் பிரிக்கிறது. மருத்துவர் அவற்றைத் தனித்தனியே நகர்த்தி, சாய்த்து, சுழற்றி, இறுதி வரிசையை அமைக்கிறார். லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் 1972இல், சிகிச்சையே பெறாத, இயற்கையாகவே நன்கமைந்த 120 பல்வரிசைகளை ஆராய்ந்து வகுத்த ஆறு இலக்கணங்கள் இங்கே இலக்காகின்றன.

மாற்று வழிகளை எண்களோடு ஒப்பிடலாம் என்பதே இக்கட்டத்தின் பெரிய பயன். பல்வரிசையில் 6 மி.மீ. இடம் குறைகிறது என்று கொள்வோம். ஆறு முன்பற்களுக்கு இடையிலுள்ள ஐந்து தொடுமிடங்களிலும் எனாமலைத் தலா 0.5 மி.மீ. தேய்த்தால் கிடைப்பது 2.5 மி.மீ. மட்டுமே. பக்கத்துக்கு ஒன்றாக முன்கடைவாய்ப்பற்கள் இரண்டைப் பிடுங்கினால் ஏறக்குறைய 14 மி.மீ. கிடைக்கும்; அது தேவைக்கு மிஞ்சியது, முன்பற்கள் பின்னிழுக்கப்பட்டு உதடு உள்வாங்கக்கூடும். வளைவை அகலப்படுத்தினால் வேர்கள் எலும்பின் விளிம்பைத் தாண்டிவிடக்கூடும். மூன்றையும் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. நோயாளியும் பெற்றோரும் இந்தப் படங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்பதால், அவர்கள் தரும் சம்மதமும் புரிந்து தருவதாக அமைகிறது.

இறுதி நிலை முடிவானதும் மென்பொருள் அதைச் சிறு படிகளாகப் பிரிக்கிறது. பல்வேருக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மி.மீ. தடிமனுள்ள மென்திசு இருக்கிறது. அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கம் புதிதாக வளர்கிறது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் இதை 1904 அளவில் நுண்ணோக்கிவழி காட்டினார். அலைனர்களில் ஒரு படிக்கு ஏறக்குறைய 0.25 மி.மீ. நகர்வு வைப்பதும் மென்திசுவின் இந்தத் தடிமனை ஒட்டியே இருக்கிறது.

திட்டத்திலிருந்து கருவிக்கு

கெஸ்லிங் எண்ணியதைப் பெருமளவில் நடைமுறைப்படுத்தியது, 1997இல் கலிபோர்னியாவில் ஜியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம். அதன் இன்விசலைன் கருவிக்கு 1998இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு படிக்கும் முப்பரிமாண அச்சில் ஒரு மாதிரி செய்து, அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் பதித்து அலைனர் தயாரிக்கப்படுகிறது. நோயாளி நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்து, ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை அடுத்ததற்கு மாறுகிறார்.

கம்பி கட்டும் சிகிச்சையிலும் இதே திட்டம் பயன்படுகிறது. கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பல்லில் எங்கே ஒட்டுவது என்று திரையில் குறித்து, அந்த இடங்களைத் தாங்கிய தட்டை அச்சிட்டு, பல பற்களில் ஒரே முறையில் ஒட்டலாம். சில அமைப்புகளில் திட்டத்திற்கேற்பக் கம்பியை ரோபோவே வளைத்துத் தருகிறது.

தாடை அறுவை சிகிச்சையில் திட்டத்தின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. சிபிசிடி உருவத்தில் எலும்பை வெட்டி நகர்த்திப் பார்த்து, புதிய நிலையில் பற்கள் பொருந்தும் தகட்டை அச்சிடுகிறார்கள். அறுவை அரங்கில் தாடையை எங்கே நிறுத்துவது என்பதை அந்தத் தகடு காட்டுகிறது.

செயற்கை நுண்ணறிவு

பக்கவாட்டுத் தலைப்படத்தில் அளவீட்டுப் புள்ளிகளைக் குறிப்பதும், ஸ்கேனில் பற்களைப் பிரிப்பதும் இன்று பெரும்பாலும் தானியங்கியாக நடக்கின்றன. இதற்காக 2015இல் நடந்த ஆய்வாளர் போட்டியொன்றில் 400 தலைப்படங்களும் 19 புள்ளிகளும் தரப்பட்டன, 2 மி.மீ.க்குள் விழும் புள்ளியே ஏற்கத்தக்கது எனக் கொள்ளப்பட்டது. சரியான விடையாக வைக்கப்பட்டது, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே குறித்த இடங்களின் சராசரி. இயந்திரம் மனித மதிப்பீட்டைப் பார்த்தே கற்கிறது. அது குறித்த ஒவ்வொரு புள்ளியையும் மருத்துவர் சரிபார்க்க வேண்டியது அவசியம்.

திட்டமும் விளைவும்

திரையில் பல் தடையின்றி நகரும். வாயில் வேரின் நீளம், எலும்பின் அடர்த்தி, ஈறின் நலம், வயது, பிள்ளைகளின் வளர்ச்சி, கருவியை ஒழுங்காக அணியும் பழக்கம் எல்லாம் சேர்ந்தே நகர்வைத் தீர்மானிக்கின்றன. இன்விசலைன் சிகிச்சையில் திட்டமிட்ட நகர்வில் எவ்வளவு நிறைவேறியது என்று அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், முன்பற்களுக்குச் சராசரியாக 41 விழுக்காடு கிடைத்தது. 2020இல் வெளியான தொடர் ஆய்வு சராசரி 50 விழுக்காடு என்றது. சிகிச்சையின் நடுவே மீண்டும் ஸ்கேன் எடுத்துக் கூடுதல் அலைனர்கள் தருவது வழக்கமாக இருப்பது இதனால்தான்.

நேரடிப் பரிசோதனை இல்லாத திட்டம் ஆபத்தானது என்ற கவலையும் எழுந்தது. 2014இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம், வீட்டிலேயே எடுத்த அச்சையோ கடையில் எடுத்த ஸ்கேனையோ கொண்டு அலைனர்களை அஞ்சலில் அனுப்பியது. பல் சீரமைப்பு மருத்துவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். 2023 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டபோது, சிகிச்சையை முடிக்காத பலர் பாதியில் நின்றனர். ஈறு நோயோடு இருக்கும் பல்லையோ எலும்பு தேய்ந்த வேரையோ ஸ்கேன் மட்டும் காட்டிக்கொடுக்காது. விரலால் தொட்டும், ஈறை அளந்தும், எக்ஸ்ரே பார்த்தும் செய்யும் பரிசோதனைக்குப் பிறகே திட்டம் தொடங்க வேண்டும்.

சிகிச்சை முடிந்த பின்னும் திட்டத்தின் பணி நிற்பதில்லை. பற்கள் பழைய இடத்திற்குத் திரும்பாமல் காக்கும் ரிட்டெய்னர் உடைந்தாலோ தொலைந்தாலோ, சேமித்த ஸ்கேனிலிருந்து புதியது செய்யலாம். அதைவிடப் பெரிய பயன், எண்ணியதையும் நடந்ததையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட முடிவது. மேற்சொன்ன 41, 50 என்ற எண்கள் அப்படித்தான் கிடைத்தன. மருத்துவர் தம் திட்டம் எங்கே, எவ்வளவு தவறியது என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிறார். அடுத்த நோயாளிக்கான திட்டத்தை அந்த அறிவோடு வரைகிறார்.