இரவில் வந்த பாடம்

மாணவர்களே, நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், எங்கள் கணினி அறையில் இருபது பேர் ஒரே பாடக்கோப்பை இணையத்திலிருந்து ஒருசேர இறக்க முற்பட்டனர். மணி அடித்தது, எவருக்கும் கோப்பு வந்து சேரவில்லை. இணைப்பைக் குறை கூறினேன், பிழை என்னுடையதே.

1984-இல் அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் என்பார் ஃபிடோநெட் என்னும் வலையமைப்பைத் தொடங்கினார். அதிற் சேர்ந்த கணினிகள் ஓயாமல் இணைந்திருந்தவை அல்ல. பகலிற் சேர்ந்த செய்திகளையும் கோப்புகளையும், தொலைபேசிக் கட்டணம் குறைந்த நள்ளிரவில் ஒன்றையொன்று அழைத்து மாற்றிக்கொண்டன. 1990-இல் தோன்றிய கே12நெட் இவ்வழியிலேயே பள்ளிகளை இணைத்தது. தொலைதூர மாணவரின் கடிதம் காலையில் உள்ளூர்க் கணினியிலேயே காத்திருக்கும்!

இதனை நான் காலந்தாழ்த்தே அறிந்தேன். பின்னர் எங்கள் ஆசிரியர் ஒருவர் இரவில் ஒரே முறை கோப்பை இறக்கிவைப்பார். காலையில் அறைக்குள்ளேயே அது கணினிதோறும் பரவும். அதற்குள் அந்த இருபது பேரும் தேர்வெழுதிப் பள்ளியைவிட்டுச் சென்றிருந்தனர்.