மனைப்பிரிவின் தெரு யாருடையது? – உழவர்கரையை முன்வைத்து

புதுச்சேரி நகரின் நேரான தெருக்களைப் புகழாத பயண நூல் அரிது. 1693இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் மறு ஆண்டே அதற்கொரு தெருவமைப்பை வரைந்தார்கள். 1699இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்களும் அவ்வமைப்பைப் பெரும்பாலும் பின்பற்றினார்கள். அங்கே தெரு முதலில் வந்தது. வீடு பின்னால் வந்தது. நகரை அடுத்துள்ள உழவர்கரையின் பல பகுதிகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. நன்செய்யும் புன்செய்யும் மனைகளாயின. மனைகளில் வீடுகள் எழுந்தன. தெரு மட்டும் மனை விற்றவரின் வரைபடத்திலேயே தங்கிவிட்டது. அதைத் தரைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது என்ற வழக்கிற்கு ஒரு வரலாறு உண்டு. அது நாம் எண்ணுவதைவிட நீண்டது.

வழக்கின் வடிவம் எல்லா ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றே. மனை விற்றவர் செம்மண்ணைப் பரப்பிவிட்டுப் போய்விடுகிறார். ஐப்பசி மழையில் அது சேறாகிறது. அண்டை வீட்டார் கூடி, தலைக்கு இவ்வளவு என்று பேசத் தொடங்குகிறார்கள். தெருமுனைக்காரர், பெருஞ்சாலை தம் வாசலிலேயே இருக்கையில் தமக்கு இத்தெரு எதற்கு என்கிறார். கடைசி வீட்டுக்காரருக்கோ முழுத் தெருவும் வேண்டும். இரட்டை மனைக்காரர் வீட்டுக்கு ஒரு பங்கு என்கிறார். ஒற்றை மனைக்காரர் முகப்பின் அடிக்கணக்கைக் காட்டுகிறார். காலி மனையின் உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். மனையின் விலையிலேயே தெருவுக்கும் சேர்த்துக் கொடுத்தாயிற்று என்பவரும் உண்டு. இவற்றுள் எதையும் அநியாயம் என்று நம்மால் ஒதுக்கிவிட முடிவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு நியாயமாக இருப்பதே இச்சிக்கலின் வேர்.

சட்டங்கள் இதை அறிந்தே இருந்தன. சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், நிலத்தை மனைகளாக விற்பவரே தெரு அமைக்க வேண்டும் என்றது. அமைக்கப்படாத தனியார் தெருவைச் சீராக்கும்படி, அதையொட்டிய மனைகளின் உரிமையாளர்களுக்கு நகராட்சி அறிவிப்பு அனுப்பலாம்; அவர்கள் தவறினால் தானே பணியைச் செய்து செலவை அவர்களிடம் வசூலிக்கலாம். இங்கிலாந்தின் 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் வகுத்த முகப்புக் கணக்கின் வழிவந்த ஏற்பாடு இது.

அந்நாளில் புதுச்சேரியை ஆண்ட பிரான்சு வேறு பாடம் கற்றது. முதல் உலகப் போருக்குப் பின் பாரிசுப் புறநகரில் நீரோ விளக்கோ தெருவோ இல்லாத மனைகளை உழைப்பாளர் குடும்பங்கள் வாங்கிச் சேற்றில் அவதியுற்றன. அவர்களைக் குறிக்க 'மல்-லொத்தி' என்றொரு சொல்லே பிறந்தது. 1919, 1924 ஆண்டுகளின் சட்டங்கள் மனை விற்பவரைக் கட்டுப்படுத்தின. முன்பே வாங்கியவர்களுக்கு அவற்றால் பயன் குறைவு. எனவே 1928 மார்ச்சில், உள்துறை அமைச்சர் அல்பேர் சாரோவின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. பணிச்செலவில் பாதி அரசு மானியம்; மறுபாதியை மனைக்காரர்கள் சங்கமாகத் திரண்டு கடன்பெற்று அடைக்க வேண்டும்.

இவ்விரு வழிகளிலும் ஒரு பொதுத்தன்மையை நாம் காண்கிறோம். பங்கை வகுப்பதும் வசூலிப்பதும் அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விடப்படவில்லை. அவர்களுக்கு மேலாக ஒரு பொது அமைப்பு நின்றது. உழவர்கரையின் குறை இங்கேதான் தொடங்குகிறது. 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் உருவான பத்துக் கொம்யூன்களுள் அதுவும் ஒன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் அதற்கு இருந்தனர். அத்தகைய ஊரில் 1968க்குப் பின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. வயல்கள் மனைகளாக மாறிய பெருங்காலம் இந்த 38 ஆண்டுகளுக்குள் அடங்கும். 2001இல் 2,17,000ஐ ஒட்டியிருந்த மக்கள்தொகை 2011இல் 3 லட்சத்தைத் தொட்டது. அந்த 2011இலேயே மன்றத்தின் காலமும் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் இடஒதுக்கீட்டு வழக்கால் நின்றுபோயிற்று.

மன்றம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையை அடுத்த ஆலந்தூர் சான்று. அங்கே 1990களின் இறுதியில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் முன்வைப்பாகக் கேட்கப்பட்டது. தோண்டுவதற்கு முன்பே பணமா என்ற ஐயம் எழாமல் இல்லை. நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் உறுப்பினர்களும் குடியிருப்போர் சங்கங்களோடு பேசிப் பேசி அத்தொகையைத் திரட்டினார்கள். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்க ஒரு முகம் இருந்தது. சாக்கடைக்குப் பொருந்தியது சாலைக்கும் பொருந்தும்.

அத்தகைய முகம் இல்லாத இடத்தில் செலவு மீண்டும் மனைக்காரரிடமே வந்து சேர்கிறது. தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் அங்கீகாரமற்ற மனைகளுக்குக் கட்டணம் விதித்தன. விற்றவர் ஈட்டியதன் குறையை, வாங்கியவர் இரண்டாம் முறையாகச் செலுத்தித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்றே அதை நாம் வாசிக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரர் பங்கு தர மறுக்கும்போது அவரைக் கஞ்சர் என்று ஏசுவது எளிது. தெருவைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாரா என்று மனை விற்றவரிடம் கேட்பது அதனினும் பயனுள்ளது. அக்கேள்வியைத் தெருவின் சார்பில் கேட்கவும், மறுப்பவரின் பங்கை நியாயமாக வகுக்கவும் வேண்டியவர் வார்டு உறுப்பினர். உழவர்கரை அண்டை வீட்டாரின் சண்டையில், வராமல்போன தரப்பு அவரே.