பின்னூட்டத்தில் வளர்ந்த உறவு: தமிழ் வலைப்பதிவுகளும் வாசிப்பின் கடமையும்

2003, 2004ஆம் ஆண்டுகளில் தமிழில் வலைப்பதிவு தொடங்க நினைத்தவருக்கு எழுத்துத் திறமைக்கும் முன்னதாக யாராவது ஒருவருடைய உதவி தேவைப்பட்டது. விண்டோஸ் 98 கணினியில் ஒருங்குறித் தமிழைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எக்ஸ்பி கணினியிலும் உரிய அமைப்பைத் தேடிப்பிடித்து இயக்கினால்தான் எழுத்துகள் ஒழுங்காகச் சேரும். தட்டச்சு செய்ய முகுந்த் உருவாக்கிய எ-கலப்பை வேண்டும். திஸ்கி, பாமினி ஆகிய பழைய எழுத்துக் குறியாக்கங்களில் எழுதி வைத்ததை ஒருங்குறிக்கு மாற்ற, ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தமிழரான சுரதாவின் பொங்குதமிழ் செயலி வேண்டும். எழுத்துரு இல்லாதவர் திரையிலும் தமிழ் தெரிவதற்கு அதிராம்பட்டினத்து உமர்தம்பி ‘தேனீ’ இயங்கு எழுத்துருவைத் தந்திருந்தார். இத்தனையும் கைகூடிய பிறகும், பத்தியை இருபுறமும் சமன்செய்து அமைத்தால் அன்றைய பயர்பாக்ஸில் எழுத்துகள் சிதறின. இவற்றையெல்லாம் புதியவர்களுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களை முன்பின் பார்த்திராதவர்கள். அந்தப் பாடம் பெரும்பாலும் பின்னூட்டப் பெட்டியில்தான் நடந்தது.

இணையத்தில் உருவாகும் உறவு மெய்யானதா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவருகிறார்கள். விடையை ஊடகத்தின் இயல்பில் தேடியவர்கள் உண்டு. எழுதுபவரின் வெளிப்படைத்தன்மையில் தேடியவர்களும் உண்டு. தமிழ் வலைப்பதிவுகளின் முதல் பத்தாண்டு மூன்றாவதாக ஓர் இடத்தைக் காட்டுகிறது. ‘நான் உன்னை வாசித்தேன்’ என்பதை ஒருவர் மற்றவருக்குத் திரும்பத் திரும்பச் சான்றுடன் உணர்த்த முடிந்தபோது உறவு வளர்ந்தது. அந்தச் சான்று மலிந்தபோது மெலிந்தது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

முன்னைய ஆய்வுகளின் தடத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1998இல் ராபர்ட் கிராட்டும் குழுவினரும் பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, இணையப் பயன்பாடு கூடும்போது குடும்பப் பேச்சு குறைந்து தனிமை கூடுவதாக எழுதினார்கள். 2002இல் அதே குழு மறுபடியும் ஆராய்ந்தபோது அந்தத் தீய விளைவுகளில் பெரும்பகுதி மறைந்திருந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1956இல், ஹார்ட்டனும் வோலும் வேறொரு கருத்தை முன்வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் தோன்றுபவரைத் தம் நெருங்கிய நண்பராக உணரும் பார்வையாளரின் நிலையை அவர்கள் விவரித்தார்கள். அந்த நட்பு ஒருபக்கமானது. தோன்றுபவருக்குப் பார்ப்பவரைத் தெரியாது. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவருக்கும் அவரைப் பின்தொடர்பவர்களுக்கும் இடையே இன்று இருப்பது பெரும்பாலும் இந்த ஒருபக்க உறவுதான்.

வலைப்பதிவுகளை மட்டும் ஆராய்ந்தவர்களின் முடிவுகள் இன்னும் கவனத்துக்குரியவை. சூசன் ஹெர்ரிங்கும் குழுவினரும் 2004இல் 203 ஆங்கில வலைப்பதிவுகளை எழுமாறாக எடுத்துப் பார்த்தார்கள். வலைப்பதிவுகளின் சிறப்பாக எல்லோரும் பேசிய ‘உரையாடல்’ பெரும்பாலான இடுகைகளில் காணப்படவில்லை. பின்னூட்டங்கள் அரிதாகவே இருந்தன. அதே ஆண்டில் போனி நார்டியும் குழுவினரும் அமெரிக்காவில் 23 பதிவர்களை நேர்கண்டு, அவர்கள் வாசகர்களை விரும்பினாலும் கொஞ்சம் தள்ளியே நிறுத்த விரும்பியதாகக் கண்டார்கள். இந்த முடிவுகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். தமிழ்ப் பதிவுகளில் நிலைமை தலைகீழாக இருந்தது. இரண்டு பத்தி எழுதிவிட்டு இருபது பின்னூட்டங்களுக்கு மறுமொழி எழுதியவர்கள் பலர்.

ஏன் இந்த வேறுபாடு? தமிழர் இயல்பு, விருந்தோம்பல் என்றெல்லாம் விடை சொல்வது எளிது. அதில் பொருள் இல்லை. காரணம் அமைப்பில் இருந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, புதிதாக எழுதப்பட்ட இடுகைகளோடு அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளையும் முகப்பில் காட்டியது. அதனால் ஒரு பின்னூட்டம் இரண்டு வேலைகளைச் செய்தது. எழுதியவருக்குத் தன்னை ஒருவர் வாசித்தார் என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு அங்கே ஒரு பேச்சு நடக்கிறது என்று தெரிந்தது. பதிவர்களின் தொகையும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியும் அளவுக்குள் இருந்தது. வந்தவர் வீட்டுக்குத் திரும்பப் போகும் வழக்கம் இதில் தானாகவே அமைந்தது: ஒருவர் பின்னூட்டமிட்டால் அவர் பெயரைச் சொடுக்கி அவருடைய பதிவுக்குப் போய் எதையாவது வாசித்து நாலு வரி எழுதிவிட்டு வருவார்கள். பிளாகர் நிறுவனம் 2004 மே மாதம்தான் சொந்தமாகப் பின்னூட்ட வசதியைத் தந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்ப் பதிவுலகம் அந்த வசதியோடு கூடவே வளர்ந்தது விளங்கும்.

இந்தப் பரிமாற்றத்தைப் பதிவர்கள் தாங்களாகவே முறைப்படுத்தியும் வைத்தார்கள். தமிழ்மணத்தில் வாரம் ஒருவர் நட்சத்திரப் பதிவராக இருப்பார். அவரை அதுவரை வாசிக்காதவர்களும் அந்த வாரம் போய் வாசிப்பார்கள். வலைச்சரம் என்ற கூட்டுப்பதிவு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஒரு வாரத்துக்கு ஆசிரியராக அமர்பவர் தன் எழுத்தைக் காட்டிக்கொள்வதோடு நிற்க முடியாது. பிறர் பதிவுகளை வாசித்து அறிமுகப்படுத்த வேண்டும். எழுத வந்தவர்களை வாசகர்களாகவும் இருக்கச் செய்த இந்த ஏற்பாடு, தமிழ் வலைப்பதிவுகள் விட்டுச்சென்றவற்றில் மிகவும் மதிக்கத்தக்கது என்று கருத இடமுண்டு.

முகப்பில் இடம் கிடைக்கிறது என்றதும் அதைக் குறுக்கு வழியில் பிடிக்க முயல்வோரும் வந்தார்கள். தன் இடுகைக்குத் தானே வேறு வேறு பெயரில் மறுமொழி எழுதி மேலே கொண்டுவருவதைப் ‘பின்னூட்டக் கயமை’ என்றார்கள். பேசுபொருளை விட்டு விலகி நண்பர்கள் கூடி அரட்டை அடிப்பது ‘கும்மி’. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கண்டித்தவர்கள் உண்டு. ஆனால் கயமை பொய்ச்சான்று. கும்மியில் பொய் இல்லை. நூறு வரி அரட்டையில் கருத்து என்று எதுவும் தேறாமல் போகலாம். இன்னாருக்கு இரவுப்பணி, இன்னார் குழந்தைக்குக் காய்ச்சல், இன்னார் ஊருக்குப் போகிறார் என்ற செய்திகள் அதில்தான் வந்தன. துபாயிலும் சிங்கப்பூரிலும் தனி அறையில் இருந்தவர்களுக்கு அது திண்ணைப் பேச்சாக இருந்தது.

முகம் தெரியாமையே மெய்யுறவுக்குத் தடை என்ற வாதம் வலுவானது. அதற்கு ஆதாரமும் தமிழ்ப் பதிவுலகத்திலேயே இருக்கிறது. ஒருவர் பெயரையும் படத்தையும் களவாடி, அவர் எழுதியதுபோல ஆபாசப் பின்னூட்டங்களை இட்டுப் பலரைத் துன்புறுத்திய விவகாரம் ஆண்டுக்கணக்கில் நீடித்துக் காவல்துறை வரை சென்றது. பெண் பதிவர்களை நோக்கி எழுதப்பட்டவை இன்னும் கொடுமையானவை; அவற்றால் எழுதுவதையே நிறுத்தியவர்கள் உண்டு. பதிவர்கள் அதற்குக் கண்ட விடைகளில் ஒன்று மறுமொழி மட்டுறுத்தல். இன்னொன்று ‘எலிக்குட்டி சோதனை’: பின்னூட்டமிட்டவர் பெயரின் மேல் சுட்டியை வைத்தால் திரையின் அடியில் தெரியும் பிளாகர் எண்ணை, உண்மையானவரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒருவரை அவர் எண்ணாலும், அதைவிட அவர் நடையாலும் பழைய பேச்சுகளாலும் அடையாளம் காணப் பழகினார்கள். புனைபெயர் அங்கே மறைவிடமாக இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருந்தது. அந்த வரலாறு பதிவின் காப்பகத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைத்தது.

புனைபெயருக்குள் எவ்வளவு ஆழமான உறவு வளர முடியும் என்பதற்கு நார்வேயிலிருந்து ஒரு சான்று உண்டு. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த மட்ஸ் ஸ்டீன், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணைய விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் பல ஆண்டுகள் பழகினார். தன் உடல்நிலையைத் தோழர்களிடம் அவர் மறைத்தே வைத்திருந்தார். பின்னாளில் தொடங்கிய வலைப்பதிவில் அதை எழுதி, அவர்கள் வாசிக்கக் கொடுத்தார். 2014 நவம்பரில் தமது 25ஆம் வயதில் அவர் இறந்தபோது, மகனுக்கு நண்பர்களே இல்லை என்று நம்பியிருந்த பெற்றோர் அதே பதிவில் இறப்புச் செய்தியை வெளியிட்டார்கள். பல நாடுகளிலிருந்து நீண்ட மடல்கள் வந்து குவிந்தன. சிலர் இறுதிச்சடங்குக்கே வந்து சேர்ந்தார்கள். பெஞ்சமின் ரீ 2024இல் இதை ஆவணப்படமாக எடுத்தார். அந்த மடல்கள் பேசியது அவருடைய திறமையைப் பற்றி அல்ல. அவர் தங்கள் பேச்சுக்குச் செவிகொடுத்ததையும், தங்கள் துயரத்தை நினைவில் வைத்திருந்ததையும்தான் அவர்கள் எழுதினார்கள்.

தமிழ்ப் பதிவர்களின் உறவும் திரைக்குள் அடங்கவில்லை. சென்னை மெரினா காந்தி சிலையருகே நடந்த பதிவர் சந்திப்புகள் பலருக்கு நினைவிருக்கும். 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் ஒரு பதிவர் பட்டறையே நடந்தது. பதிவர்கள் கூடி உழைத்துப் புதியவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சும் பதிவு தொடங்கும் முறையும் கற்றுக்கொடுத்தார்கள். ஈழத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் எழுதியவர்களின் மொழியைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நாள்தோறும் படித்தார்கள். புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்டார்கள். போரைப் பற்றிச் செய்தித்தாளில் வராததைக் கேட்டார்கள்; கடுமையாகச் சண்டையும் இட்டார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும், 2005இல் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கத் தொடங்கிய நூலகம் திட்டத்திலும் பதிவர்கள் பலர் உழைத்தார்கள். கூடி ஒரு வேலையை ஆண்டுக்கணக்கில் செய்ய முடிவது, உறவின் மெய்ம்மையைச் சோதிக்க நல்ல உரைகல்.

இது எல்லோருக்குமான வெளியாக இருந்ததா என்றால், இல்லை. கணினித் துறையினரும் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்களும் மிகுந்த கூட்டம் அது. பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து எழுதியவர்கள் இருந்தாலும் அவர்கள் சிறுபான்மையே. ஒத்த படிப்பும் ஒத்த வாழ்க்கையும் உள்ளவர்கள் எளிதில் நண்பர்களாவதில் வியப்பில்லை என்று ஒருவர் வாதிட்டால், அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை மறுக்க அந்தக் காலத்துச் சாதி விவாதங்களும் மத விவாதங்களும் போதும். கருத்தில் எதிரெதிராக நின்றவர்கள் நாள்கணக்கில் ஒருவரை ஒருவர் முழுமையாக வாசித்து மறுத்தார்கள். மறுப்பதற்காகவேனும் முழுவதையும் வாசிக்க வேண்டியிருந்தது.

2009இல் ஃபேஸ்புக் விருப்பக் குறியைக் கொண்டுவந்தது. வாசித்ததற்கான சான்று ஒரு சொடுக்காகச் சுருங்கியது. அந்தச் சொடுக்கு, கடந்து போனதற்கு மட்டுமே சான்று. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டதும், யாரை வாசிப்பது என்று வாசகரே வரிசைப்படுத்தி வைத்திருந்த ஒரு வழியும் போனது. அதன் பிறகு யார் எழுத்து யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை நிறுவனத்தின் கணிப்புமுறை முடிவு செய்தது. பதிவர்கள் காணாமல் போகவில்லை. பெரும்பாலோர் ஃபேஸ்புக்குக்கே குடிபெயர்ந்தார்கள். அவர்களில் பலருக்கு வாசகர் தொகை பல மடங்கு கூடியது. ஒருவர் சென்ற ஆண்டு எழுதியதை நினைவில் வைத்துக் கேள்வி கேட்கும் வாசகர்தான் குறைந்தார்.

இதைப் பழமை ஏக்கம் என்று தள்ளுபவர்கள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைச் சுட்டிக்காட்டக்கூடும். அப்போது ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வழியாக அறிமுகமில்லாதவர்கள் படகும் உணவும் தங்க இடமும் ஏற்பாடு செய்தார்கள். அது உண்மை, பெரிய செயலும்கூட. மார்க் கிரானவெட்டர் 1973இல் காட்டியதுபோல, புதிய செய்தி வேகமாகப் பரவுவதற்கு மெல்லிய தொடர்புகளே உதவும். நெருங்கியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததே தெரியும். பேரிடரில் வேண்டியது அந்த வேகம். ஆனால் ஒருவரை ஒரு மனிதராக அறிவது வேறு வேலை. அதற்கு நேரமும் திரும்ப வருதலும் வேண்டும். இரண்டையும் ‘தொடர்பு’ என்ற ஒரே தலைப்பில் எண்ணுவதால்தான் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளைத் தருகின்றன.

இனி இதை ஆராய முற்படுபவர்களுக்கு ஓர் அவசரச் சிக்கல் காத்திருக்கிறது. தமிழ் வலைப்பதிவுகளிலிருந்து நல்ல இடுகைகள் அச்சு நூல்களாகவும் மின்னூல்களாகவும் வந்துள்ளன. நூலாக்கும்போது முதலில் வெட்டப்படுவது பின்னூட்டங்கள்தான். ஹாலோஸ்கேன் போன்ற வெளிச்சேவைகளில் சேர்ந்திருந்த மறுமொழிகள் அந்தச் சேவையோடு போயின. பல பதிவுகளின் பழைய முகவரிகள் இன்று திறப்பதில்லை. எஞ்சியிருப்பவற்றை இன்டர்நெட் ஆர்கைவ் ஓரளவு சேமித்திருக்கிறது என்றாலும், தமிழுக்கென்று ஒழுங்கான தொகுப்பு வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நூலகம் போன்ற தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்தால் இது முடியாத வேலையன்று. இடுகையோடு அதன் மறுமொழிகளையும், எந்தப் பெயர் எந்தப் பதிவுக்குத் திரும்பத் திரும்ப வந்தது என்ற தொடர்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அன்று புனைபெயரில் தம் குடும்பத் துயரத்தை எழுதிப் பிறகு விலகிக்கொண்டவர்களின் இசைவை எப்படிப் பெறுவது, பெற முடியாவிட்டால் எதை மூடி வைப்பது என்பதைத் தொகுப்பைத் தொடங்கும் முன்பே பதிவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.