நாளைப்போவார்: போன பின்னும் மாறாத பெயர்

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் பிராகாரத்தில் நாயன்மார் அறுபத்துமூவர் வரிசையாக நிற்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற வயதில், சிலைகளுக்கு மேலே சுவரில் நீலப் பெயின்டில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே சுற்றி வருவேன். அதில் ஒன்று "திருநாளைப்போவார்". திருநாள் என்றால் திருவிழா. ஆகவே திருவிழாவுக்குப் போகிறவர் என்று நானே பொருள் செய்துகொண்டேன். கூப்பிய கையோடு நிற்பவர் எந்தத் தேருக்குப் புறப்பட்டாரோ என்று நினைத்தபடி அடுத்த சிலைக்கு நகர்ந்துவிடுவேன்.

பிழைதான். திருநாளுக்குத்தான் போக முடியும். திருநாளைப் போக முடியாது. 'போ' செயப்படுபொருள் கேட்காத வினை. சொல்லைப் பிரிக்க வேண்டிய இடம் வேறு: திரு, நாளை, போவார். முன்னால் நிற்கும் 'திரு' மரியாதைக்கு வந்த அடைமொழி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தெருவில் யாரும் யாரையும் கேலி செய்யக்கூடிய ஒரு பட்டப்பெயர். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற ஆள். கடைகளில் தொங்குமே, "இன்று ரொக்கம் நாளை கடன்" என்ற அட்டை? அந்த நாளைதான் இது. எப்போது போனாலும் அது நாளையாகவே இருக்கும்.

சொல்லுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம். 'நாளை' என்பது 'நாள்' என்பதிலிருந்து வந்தது. கன்னடத்திலும் மலையாளத்திலும் இன்றும் 'நாளெ' என்றே சொல்கிறார்கள். பழந்தமிழில் நாள் என்பதற்குக் காலைப்பொழுது என்றும் பொருள் உண்டு. பகலில் கூடும் சந்தை நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி. அதனால் நாளை என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்குக் காலண்டர் தாள் தோன்றுவதில்லை. விடியப்போகிற வெளிச்சம்தான் தோன்றும். விடிந்தால் போய்விடலாம் என்று படுத்தவனின் சொல் அது.

அடுத்தது 'போவார்'. போ, வ், ஆர். நடுவில் நிற்கும் வகரம் எதிர்கால இடைநிலை. இப்படி வினையே பெயராக நிற்பதை இலக்கணத்தில் வினையாலணையும் பெயர் என்பார்கள். மரம், மலை போன்ற பெயர்களுக்குக் காலம் கிடையாது. இந்தவகைப் பெயருக்கு மட்டும் உண்டு. வந்தவர், வருகிறவர், வருபவர் என்று மூன்று காலத்தையும் பெயரே சொல்லிவிடும். தமிழில் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் குறிக்கும். "தாத்தா விடியலில் எழுவார், ஆற்றில் குளிப்பார்" என்றால் அவர் இனிமேல் செய்யப்போவதைச் சொல்லவில்லை, தினமும் செய்ததைச் சொல்கிறோம். ஆகவே நாளைப்போவார் என்றால் நாளைக்குப் போகவிருப்பவர் என்றும் பொருள். தினந்தினம் நாளைக்குப் போவதாகவே இருந்தவர் என்றும் பொருள்.

இன்னொன்றும் உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நாம் யாரும் "போகிறேன்" என்று சொல்வதில்லை, "போய் வருகிறேன்" என்போம். வெறும் 'போ' நம் காதுக்கு ஆகாது. இவர் பெயரில் வருகிற பேச்சே இல்லை. போவார், அவ்வளவுதான். கதை தெரிந்தவர்களுக்கு அது சரியாகவே பொருந்தியிருப்பது தெரியும்.

இந்தப் பெயரை நமக்கு முதலில் தருபவர் சுந்தரர். திருவாரூரில் அவர் பாடிய திருத்தொண்டத்தொகை ஏறக்குறைய முழுக்கப் பெயர்களால் ஆனது. பெரிய கதை எதுவும் சொல்லாமல், இவருக்கு அடியேன், அவருக்கு அடியேன் என்று கடந்து போகிறார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பவர்கள் தில்லைவாழ் அந்தணர்கள். 'வாழ்' என்ற ஒரு சொல்லிலேயே அவர்கள் இருக்கும் இடம் உறுதியாகிவிடுகிறது. அதே பட்டியலில் சற்றுத் தள்ளி வருகிறார் நாளைப்போவார். இவர் போக நினைத்த ஊரும் அதே தில்லைதான், இன்றைய சிதம்பரம். ஓர் ஊருக்கு உள்ளேயே வாழ்வதால் பெயர் பெற்றவர்களும், அந்த ஊருக்குப் போய்ச் சேராததால் பெயர் பெற்றவரும் ஒரே பதிகத்தில் இருக்கிறார்கள். கடைசிப் பகுதியில் முப்போதும் திருமேனி தீண்டுவார் என்றொரு கூட்டத்தாரும் வருகிறார்கள். தீண்டுவார், போவார், இரண்டுக்கும் ஒரே வகரம், ஒரே ஆர் விகுதி. ஒருவர் கை தினமும் மூன்று வேளை லிங்கத்தின் மேல் படுகிறது. பிறப்பால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட இன்னொருவர் நிழல்கூடக் கோயில் மதிலைத் தாண்டக்கூடாது. சுந்தரர் இரண்டு பேருக்கும் ஒரே அளவில் அடியேன் என்கிறார். இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியும், யாரை யாருக்குப் பக்கத்தில் எழுதுகிறோம் என்பது.

இன்று இவரை நாம் நந்தன் என்றே அறிகிறோம். அந்தப் பெயர் சுந்தரரிடம் இல்லை. அவருக்குப் பின்வந்த நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் இவருக்கு ஒரு பாட்டு ஒதுக்குகிறார். ஊர் ஆதனூர் என்று சொல்கிறார், குலத்தைக் குறிப்பிடுகிறார், தில்லை அந்தணர் மூவாயிரவர் கைகூப்ப முனிவரானார் என்கிறார். நந்தன் என்ற பெயர் அங்கேயும் இல்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது, கதையின் முடிவில் அவர் மூழ்கும் நெருப்பும் அங்கே இல்லை. இரண்டையும் நாம் பார்ப்பது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரியபுராணத்தில்தான்.

சேக்கிழார் சொல்லும் ஆதனூர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. வயல், நெல், தென்னை என்று வளத்தை விவரித்துவிட்டு, அந்த ஊரின் புலைச்சேரிக்குள் நம்மை அழைத்துப் போகிறார். அங்கே பிறந்தவர் நந்தனார். ஊர்த்தொழிலுக்கு உரிய மானியத்தில் பிழைத்தவர். கோயில்களுக்கு அவர் கொடுத்தவை பேரிகைக்குத் தோல், அதைக் கட்ட விசிவார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. உள்ளே கேட்கும் முழக்கம் முழுக்க இவர் கைபட்டது. இவர் நிற்க வேண்டியது வாசலுக்கு வெளியே.

முதலில் திருப்புன்கூர். சிவலோகநாதரை நேராகப் பார்க்க வேண்டும் என்று வாசலில் நிற்கிறார். நடுவில் நந்தி. இறைவன் நந்தியை விலகச் செய்தார் என்கிறது புராணம். வைத்தீசுவரன்கோயிலுக்குப் பக்கத்தில்தான் அந்த ஊர். இன்றைக்கும் அங்கே நந்தி சற்று ஒதுங்கித்தான் இருக்கிறது. தரிசனம் முடிந்ததும் ஓரிடத்தில் பள்ளத்தைப் பார்த்துக் குளம் வெட்டிவிட்டு ஊர் திரும்புகிறார் நந்தனார். இந்தக் குளம் வெட்டுகிற இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். பார்க்க முடிந்ததற்கு நன்றி சொல்லக் கைவசம் இருந்தது உழைப்புதான்.

பிறகு தில்லை. அங்கேதான் இந்தப் பெயர் பிறக்கிறது. போக வேண்டும் என்ற நினைப்பில் இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும், என் பிறப்புக்கு அந்த ஊருக்குள் போவது ஒவ்வாதே என்ற எண்ணம் வந்து காலைக் கட்டுகிறது. சரி, இதுவும் எம்பெருமான் ஏவல்தான் என்று நின்றுவிடுகிறார். மறுபடி ஆசை பொங்குகிறது, நாளைப் போவேன் என்கிறார். நாள்கள் கழிகின்றன.

'ஏவல்' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏவல் என்றால் கட்டளை. போகவிடாமல் தடுப்பதையும் இறைவன் கட்டளை என்று எடுத்துக்கொள்கிற மனம் அது. சைவ சித்தாந்தம் சிவனுக்கு ஐந்து தொழில் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைப்பதும் அவன் தொழிலே; அதுவும் அருளின் ஒரு வகை, உயிர் பக்குவப்படும்வரை இருக்கும் திரை என்பார்கள். கடவுள் காதில் விழாதது போல இருக்கும் காலத்தில் நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்கிற கருத்து இது. எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரிடம், அவன் மறைத்திருக்கிறான், இல்லாமல் போகவில்லை என்று சொல்ல இடம் தருகிறது.

ஆனால் ஆதனூர்க்காரர் விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தில்லைக் கூத்தனை அவரிடமிருந்து மறைத்தது சிவன் செய்த மறைத்தலா? கண்ணெதிரே நின்றது மதில். அதைக் கட்டியவர்களும் காவல் நின்றவர்களும் மனிதர்கள். நந்தனார் அதையும் இறைவன் ஏவல் என்று ஏற்றுக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. நாமும் அப்படியே சொன்னால் அது நம் வசதி. திருப்புன்கூரில் கல் நந்தியை நகர்த்தியவர் தில்லையில் மதிலை நகர்த்தவில்லை. ஊர் எல்லையில் நந்தனார் இரவும் பகலும் சுற்றிச் சுற்றி வருகிறார். களைத்துத் தூங்குகிறார். கனவில் இறைவன் வந்து, நெருப்பில் மூழ்கி வா என்கிறார். தெற்கு மதிலுக்கு வெளியே அந்தணர்கள் தீ வளர்க்கிறார்கள். பூணூலும் சடையுமாக எழுந்து உள்ளே போன முனிவரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்று முடிக்கிறார் சேக்கிழார். இதை எரித்த கதையாகப் படிக்கிறவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போட எனக்கு மனமில்லை. நம்பியாண்டார் நம்பியிடம் இல்லாத தீ சேக்கிழாரிடம் எங்கிருந்து வந்தது என்பது நியாயமான கேள்வி.

என் அக்கறை பெயரில். அவர் போய்விட்டார். பொன்னம்பலத்தைப் பார்த்துவிட்டார். முறைப்படி பார்த்தால் அன்றோடு பெயர் மாறியிருக்க வேண்டும். தில்லை சேர்ந்தார், அம்பலம் கண்டார் என்று எதையாவது சுந்தரர் சூட்டியிருக்கலாம். முடிவு தெரிந்த பிறகுதானே அவர் பாடுகிறார்? கண்ணைக் கொடுத்ததால் கண்ணப்பர் என்று செய்து முடித்த காரியம் பெயரான அடியாரும் அதே பட்டியலில் இருக்கிறார். இவருக்கு மட்டும் முடியாத காலத்தையே பெயராக விட்டுவைத்தார். கேலிப்பெயருக்கு முன்னால் ஒரு 'திரு' போட்டதுதான் அவர் செய்த மாற்றம். என் வாசிப்பில், சுந்தரர் வணங்கியது தரிசனம் கிடைத்த அந்த ஒருநாளை அல்ல. கிடைக்குமா என்றே தெரியாமல், கிடைக்காது என்று ஊரே சொல்லியும், ஒவ்வொரு இரவும் நாளைக்கு என்று படுத்த அத்தனை நாள்களையும்.

பெயரின் மீதிக் கதை 19ஆம் நூற்றாண்டில். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடி, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையாரை, வேதியரை, கதைக்குள் கொண்டுவந்தார். நந்தன் இப்போது பண்ணையாள். மார்கழித் திருவாதிரைக்கு உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். திருநாளுக்குப் போகிறவர் என்ற என் சின்ன வயதுப் பிழை இங்கே பாதி சரியாகிவிட்டதைப் பெரியவனான பிறகு கண்டு சிரித்தேன். இந்தக் கீர்த்தனைக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் வாங்கப் பாரதியார் மாயவரத்தில் அலைந்த கதையை உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழை இருக்கிறதென்று பிள்ளை தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டைப் பாட, உள்ளே இருந்த பிள்ளை உருகிவிட்டார். நாளைப்போவாரைப் பாடியவருக்கும் வாசலில்தான் காத்திருப்பு.

கீர்த்தனை பரவப் பரவ, நந்தன் என்ற பெயர் நாளைப்போவாரைப் பின்னுக்குத் தள்ளியது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனை அரசனாகவே எழுதினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி நந்தனார் பெயரில்தான் நடந்தது. 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதார் பற்றிய தம் நூலை மூன்று அடியார்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்: நந்தனார், ரவிதாசர், சோகாமேளர். அதற்கு முந்தைய ஆண்டு, 1947இல், இந்துக்கள் எல்லாரும் கோயிலுக்குள் போகலாம் என்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்திருந்தது. சுந்தரர் அந்தப் பெயரைப் பாடி ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிவிட்டிருந்தது.

அடுத்தமுறை அறுபத்துமூவர் முன் நிற்கும்போது, நாளைப்போவார் பெயர் அருகே கொஞ்சம் நில்லுங்கள். 'நாளை போகிறேன்' என்று ஒற்றில்லாமல் எழுதுவது இன்று சகஜம். பழைய பெயரில் 'ப்' உண்டு. விசிவார் இழுத்துக் கட்டியது போல இரண்டு சொல்லையும் ஒரே பெயராகப் பிணைப்பது அந்த எழுத்துதான். பெயின்டர் அதை விட்டிருந்தால் கோயில் அலுவலகத்தில் சொல்லிப் போடச் சொல்லுங்கள்.