பழைய உடற்பயிற்சிக் கைப்பட்டையில் பேட்டரி விரைவாகத் தீர்தல்

மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் உடற்பயிற்சிப் பட்டை வாங்கிய புதிதில் ஒருமுறை சார்ஜ் செய்தால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ தாங்கும். அதே பட்டை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓரிரு நாளிலேயே தீர்ந்துவிடுவதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. கருவி தேவைக்கு மேல் மின்சாரம் செலவழிப்பது ஒன்று, பேட்டரி மூப்படைந்து கொள்ளளவை இழப்பது மற்றொன்று. முதலாவதை வீட்டிலேயே சரிசெய்யலாம். இரண்டாவதற்கு மருந்து இல்லை, மாற்று மட்டுமே உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பட்டையைத் தூக்கி எறிவதும், பழுதுக்கடையில் பணம் கொடுப்பதும் கோலாலம்பூர் வட்டாரத்தில் சாதாரணமாக நடக்கிறது.

இந்தக் கருவிகளின் பேட்டரி மிகச் சிறியது. சியோமி 2014-இல் வெளியிட்ட முதல் மி பேண்டில் இருந்தது 41 மில்லி ஆம்பியர் மணி. 2021-இல் வந்த மி பேண்ட் 6-இல் 125. இன்றைய கைப்பேசிகளில் அது 5000 அளவில் இருக்கும். மி பேண்ட் 6 சாதாரணப் பயன்பாட்டில் 14 நாள் தாங்கும் என்றது நிறுவனம். 125-ஐ 14 நாளின் 336 மணி நேரத்தால் வகுத்தால், கருவி சராசரியாக இழுக்கும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் ஏறத்தாழ 0.37 பங்கு. இதோடு அரை மில்லி ஆம்பியர் கூடினால் 14 நாள் 6 நாளாகச் சுருங்கிவிடும். கைப்பேசியில் கண்ணுக்கே படாத செலவு இங்கே பாதி ஆயுளைத் தின்றுவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பெருஞ்செலவு மூன்று இடங்களில் நடக்கிறது: ஒளியுணரி, திரை, கம்பியில்லா இணைப்பு. இதயத் துடிப்பை அளக்க, பட்டையின் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்த, இரத்த ஓட்டத்திற்கேற்பத் திரும்பிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை ஒளியுணரி படிக்கிறது. ஒவ்வொரு வினாடியும் அளப்பதற்கும் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அளப்பதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. இரவு முழுவதும் இரத்த ஆக்சிஜன் பார்ப்பது, மன அழுத்தம் கணிப்பது ஆகியவையும் இதே ஒளியுணரியை நம்பியவை. மருத்துவர் சொல்லியிருந்தால் தவிர, இவை எந்நேரமும் இயங்கத் தேவையில்லை. பட்டை தளர்வாக இருந்தால் வெளியொளி உள்ளே புகுந்து அளவீடு குழம்பும். அதை ஈடுகட்டச் சில கருவிகள் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டும். ஆகவே ஒரு துளை இறுக்கிக் கட்டுவதும் பேட்டரிக்கு உதவும்.

திரையைப் பொறுத்தவரை, கையை உயர்த்தினால் ஒளிரும் அமைப்பே முதல் சந்தேகத்துக்குரியது. காலையில் சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ரயில் ஏறி, மேலே தொங்கும் பிடியைப் பற்றியபடி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துக் கே.எல். சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போகிறவரின் மணிக்கட்டு, பெட்டி குலுங்கும்போதெல்லாம் திரும்ப, திரையும் ஒளிர்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கும் இதே நிலை. பயண நேரத்திலும் உறக்க நேரத்திலும் இந்த அமைப்பை அணைத்து, திரையின் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தாலே பலருக்குச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் ஒவ்வொரு காலை வணக்கத்திற்கும் பட்டை அதிர்ந்து ஒளிர வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். அழைப்புகளை மட்டும் விட்டுவைப்பது நல்ல நடுவழி.

மூன்றாவது புளூடூத். கைப்பேசி அருகில் இல்லாதபோது பட்டை இடைவிடாமல் சைகை அனுப்பித் துணையைத் தேடும். கைப்பேசியின் பேட்டரி சேமிப்பு முறை பட்டையின் செயலியை அடிக்கடி நிறுத்திவிட்டால், இணைவதும் அறுவதும் மறுபடி இணைவதுமாகச் செலவு ஏறும். கைப்பேசியை மாற்றியவர்கள் பழைய பேசியிலிருந்து இணைப்பை நீக்க மறந்திருப்பார்கள். இதையும் பார்க்க வேண்டும். உள்மென்பொருள் புதுப்பித்த மறுநாள் பேட்டரி திடீரென்று தீர்ந்தால் முதலில் கருவியை மறுதொடக்கம் செய்து, இரண்டு மூன்று சார்ஜ் சுற்று பொறுத்துப் பார்ப்பது நல்லது. மாற்றமில்லை என்றால், தரவுகளைச் செயலியில் சேர்த்துவிட்டு, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, புதிதாக இணைக்கலாம்.

ஜிபிஎஸ் தனிக்கதை. ஃபிட்பிட் 2020-இல் வெளியிட்ட சார்ஜ் 4 ஏழு நாள் தாங்கும், ஆனால் ஜிபிஎஸ் இயங்கினால் ஐந்து மணி நேரம்தான் என்று நிறுவனமே சொன்னது. கொள்ளளவு எழுபது விழுக்காடாகக் குறைந்த பழைய கருவியில் அது மூன்றரை மணி நேரம். தைப்பூசத்திற்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை வெள்ளி இரதத்தோடு நடப்பவர்கள் கடக்கும் தொலைவு சுமார் 15 கிலோமீட்டர். இரதத்தின் வேகத்தில் இரவு முழுதும் ஆகும் அந்த நடையை முழுவதும் பதிவுசெய்ய விரும்புவோர், பட்டையில் காலடியை மட்டும் எண்ணவிட்டு, பாதையைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளலாம்.

மூப்பு வேறு விதம். லித்தியம் அயனிக் கலத்தின் எதிர்மின்வாயில் படியும் மெல்லிய படலம் காலப்போக்கில் தடித்து, பயன்படக்கூடிய லித்தியத்தை விழுங்குகிறது. உள் மின்தடையும் ஏறுகிறது. சில நூறு முழுச் சுற்றுகளில் கொள்ளளவு எண்பது விழுக்காட்டுக்கு இறங்குவது இயல்பு. வெப்பம் இதை விரைவுபடுத்தும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் பகல் வெப்பம் 32, 33 பாகையை ஒட்டியே இருக்கிறது. குளிர்காலம் என்ற ஓய்வே இங்கே பேட்டரிக்குக் கிடையாது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பட்டையை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப்போவதுதான் அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடுமை. பயன்படுத்தாமல் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், நிழலான இடத்தில் வைக்க வேண்டும்.

எது காரணம் என்று கண்டறிய எளிய சோதனை உண்டு. முழுதாக ஏற்றி, துடிப்பளவு, அறிவிப்பு, கையுயர்த்தல் எல்லாவற்றையும் அணைத்து ஒரு முழு நாள் அணிய வேண்டும். இறக்கம் நன்றாகக் குறைந்தால் குற்றம் அமைப்புகளில். ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். அப்போதும் வேகமாக இறங்கினால், அல்லது நாற்பது விழுக்காட்டில் இருந்து சட்டென்று பத்துக்குத் தாவினால், கலம் தேய்ந்துவிட்டது. அந்த முடிவுக்கு வருமுன் சார்ஜ் முனைகளையும் பார்த்துவிட வேண்டும். வியர்வை உப்பு படிந்த முனை பாதியிலேயே சார்ஜை நிறுத்திவிடும். நிறையாத பேட்டரியைத்தான் பலர் வடிகிற பேட்டரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மென்மையான பழைய பல் துலக்கியில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டால் போதும்.

திரை மேலெழும்பினாலோ, கருவியின் உடல் உப்பினாலோ, சார்ஜில் கை பொறுக்காத சூடு வந்தாலோ உடனே கழற்றிவிட வேண்டும். இது மிகைப்பட்ட அச்சமல்ல. ஃபிட்பிட் ஐயோனிக் கடிகாரத்தின் பேட்டரி சூடேறித் தோலைச் சுட்டதால், 2022 மார்ச்சில் அமெரிக்காவில் மட்டும் விற்றிருந்த சுமார் பத்து லட்சம் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன.

பேட்டரி மாற்றுவது எளிதன்று. பெரும்பாலான பட்டைகள் பசையால் மூடப்பட்டவை. திறந்துவிட்டால் நீர்த்தடுப்பு பழையபடி அமையும் என்ற உறுதியில்லை. புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசா போன்ற இடங்களில் கைப்பேசி பழுதுபார்ப்போர் நிறைய இருந்தாலும், அந்த மாதிரிக்குரிய கலம் கைவசம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். மலிவுப் பட்டைக்கு மாற்றுச் செலவு புதிய பட்டையின் விலையை நெருங்கிவிடும். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுதுபார்ப்பும் உதிரிப்பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் கிடைக்காது என்று வாங்குமுன்பே அறிவித்திருந்தால் அந்தக் காப்பு பொருந்தாது. உத்தரவாதக் காலத்திலேயே பேட்டரி கெட்டு, கடை கைவிரித்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே மனு கொடுக்கலாம்.

தேறாத பட்டையைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. நசுங்கும் லித்தியம் கலம் குப்பை லாரியில் தீப்பற்றக்கூடும். மின்கழிவு இந்நாட்டின் 2005 விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டின்கீழ் அடங்குகிறது. கணக்கிலிருந்து நீக்கி, உள்ளிருக்கும் தரவை அழித்து, சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவுச் சேகரிப்பு இடத்தில் சேர்க்க வேண்டும்.